மூன்று கோடு பின், இரண்டு துளை

காதில் பாட்டு நன்றாகக் கேட்கிறது. பேசினால் மட்டும் எதிர்முனைக்குப் போகவில்லை. போனுக்கு வாங்கிய ஹெட்செட்டைக் கம்ப்யூட்டரில் மாட்டுகிறவர்கள் முதலில் சந்திப்பது இதைத்தான். உடனே ‘மைக் போச்சு’ என்று முடிவுகட்டி இன்னொரு ஹெட்செட் வாங்கி வருவார்கள். அதிலும் பேச்சு போகாது. மைக் நல்லபடியாகத்தான் இருக்கிறது. ஹெட்செட்டின் பின்னும் கம்ப்யூட்டரின் துளையும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. அதைச் சரிசெய்ய ஒரு சாண் நீள வயர் போதும், சரியான வயராக இருந்தால்.

சேலத்திலேயே இருப்பவர் தப்பான வயர் வாங்கிவிட்டால் மறுநாள் ஐந்து ரோடு பக்கமோ பழைய பஸ் ஸ்டாண்டு பக்கமோ போய் மாற்றிக்கொள்ளலாம். ஏற்காட்டில், நாகலூர் வழியில் இருக்கும் எஸ்டேட் வீட்டில் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு அப்படியில்லை. 20 கொண்டை ஊசி வளைவு, சுமார் 30 கிலோமீட்டர், போக அரை நாள், வர அரை நாள். மலை இறங்குவதற்கு முன்பே என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். அதற்குத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் பின்னைக் கையில் எடுத்துப் பாருங்கள். கடைகளில் ஈ.பி. பின் என்று சொல்லும் 3.5 மில்லிமீட்டர் பின்தான் எல்லாவற்றிலும் இருக்கும். அதன் உலோகத் தண்டைச் சுற்றிக் கறுப்பாகவோ வெள்ளையாகவோ மெல்லிய கோடுகள் இருக்கும். அவை அலங்காரமில்லை, ஒரு பகுதியை இன்னொரு பகுதியிலிருந்து பிரிக்கும் பிளாஸ்டிக் காப்பு. இரண்டு கோடு என்றால் மூன்று பகுதி: நுனி இடது காதுக்கு, நடு வளையம் வலது காதுக்கு, அடி இரண்டுக்கும் பொதுவான கிரவுண்டு, அதாவது மின்சாரம் திரும்பும் பாதை. மூன்று கோடு என்றால் நான்கு பகுதி. கூடுதலாக வந்தது மைக். இரண்டு கோடு பின் ஒன்றே ஒன்று உள்ள ஹெட்செட்டில் மைக் வேலை செய்ய வாய்ப்பே இல்லை, ஏனென்றால் மைக்குக்கு அங்கே இடமில்லை. கம்ப்யூட்டருக்கென்றே வரும் ஹெட்செட்டில் இரண்டு கோடு பின்கள் இரண்டு தொங்கும், ஒன்று இளஞ்சிவப்பு, ஒன்று பச்சை.

அடுத்து கம்ப்யூட்டரின் துளை. டெஸ்க்டாப்பில் இளஞ்சிவப்பு மைக்குக்கு, பச்சை ஹெட்போனுக்கு, வெளிர்நீலம் வெளியிலிருந்து வரும் ஒலிக்கு. இன்டெலும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து 1990களின் கடைசியில் வெளியிட்ட பிசி 99 வழிகாட்டிதான் இந்த நிறங்களை நிலைநிறுத்தியது. பெட்டியின் முன்பக்கத் துளைகளில் பல சமயம் நிறம் இருக்காது, மைக் படமும் ஹெட்போன் படமும் மட்டும் அச்சிட்டிருக்கும். லேப்டாப்பில் இப்போது பெரும்பாலும் ஒரே துளைதான். பக்கத்தில் இருக்கும் படத்தில் ஹெட்போனோடு சின்ன மைக் கோலும் வரைந்திருந்தால் அது நான்கு பகுதித் துளை. வெறும் ஹெட்போன் படம் மட்டும் இருந்தால் சந்தேகப்படுங்கள். பழைய லேப்டாப்புகளில் அது கேட்க மட்டுமே.

இனி எதோடு எது சேரும் என்று பார்க்கலாம். மூன்று கோடு பின், நான்கு பகுதித் துளை என்றால் வயரே தேவையில்லை, நேரே மாட்டுங்கள். மூன்று கோடு பின்னை இரண்டு துளை டெஸ்க்டாப்பில் மாட்ட வேண்டுமானால் ஒன்று இரண்டாகப் பிரியும் ஒய் (Y) வயர் வேண்டும்: ஒரு முனையில் நான்கு பகுதி உள்ள ஃபீமேல் துளை ஒன்று, மறுமுனையில் இளஞ்சிவப்பு, பச்சை என்று துளைக்குள் செருகும் இரண்டு மேல் (male) பின்கள். கம்ப்யூட்டர் ஹெட்செட்டை ஒற்றைத் துளை லேப்டாப்பில் மாட்ட இதற்கு நேர்மாறான வயர் வேண்டும்: இரண்டு ஃபீமேல் துளைகள், ஒரே ஒரு மூன்று கோடு மேல் பின்.

தவறு நடப்பது இங்கேதான், ஏனென்றால் மூன்றாவதாக ஒரு ஒய் வயரும் கடைகளில் தொங்குகிறது. ஒரு மேல் பின், இரண்டு ஃபீமேல் துளை, இரண்டிலும் ஹெட்போன் படம். இரண்டு பேர் சேர்ந்து ஒரே போனில் பாட்டுக் கேட்பதற்கானது அது. மைக்கைப் பிரிக்காது. பார்வைக்கு லேப்டாப்புக்கான வயர் போலவே இருக்கும்; மேல் பின்னில் இரண்டு கோடா மூன்று கோடா என்று எண்ணிப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். ‘ஸ்ப்ளிட்டர் வேணும்’ என்று மட்டும் கேட்டால் கடைக்காரர் கையில் முதலில் வருவது பெரும்பாலும் இந்த மூன்றாவது வயர்தான். அதனால் இப்படிக் கேளுங்கள்: “அண்ணா, போன் ஹெட்செட்டை சிஸ்டத்துல மாட்டணும். ஒரு பக்கம் நாலு பாய்ன்ட் ஃபீமேல், இன்னொரு பக்கம் மைக்குக்கு ஒண்ணு, ஹெட்போனுக்கு ஒண்ணுன்னு ரெண்டு மேல் பின் வேணுங்க.” கூடவே ஹெட்செட்டையும் கொண்டுபோங்கள். கம்ப்யூட்டரின் துளைகளைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போனால் பேச்சு இன்னும் குறையும்.

ஃபீமேல் துளையை வெளியிலிருந்து பார்த்து அது மூன்று பகுதியா நான்கு பகுதியா என்று சொல்ல முடியாது. எக்ஸ்டென்ஷன் வயரிலும் இதே சிக்கல். ஹெட்செட்டுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே மாட்டும் நீட்டிப்பு வயரின் மேல் பின்னில் இரண்டு கோடுதான் என்றால், அந்த வயர் வழியாக மைக் வரவே வராது. காரில் பயன்படுத்தும் ஆக்ஸ் வயரும் அப்படித்தான்.

பின்னும் துளையும் எண்ணிக்கையில் சரி, இருந்தும் ஒலி கோணலாக இருக்கிறது என்றால் உள்ளே வரிசை மாறியிருக்கலாம். நான்கு பகுதிப் பின்னில் இரண்டு வழக்கங்கள் உண்டு. சி.டி.ஐ.ஏ. முறையில் நுனி இடது, முதல் வளையம் வலது, இரண்டாம் வளையம் கிரவுண்டு, அடி மைக். ஓ.எம்.டி.பி. முறையில் கடைசி இரண்டும் இடம் மாறும்: இரண்டாம் வளையம் மைக், அடி கிரவுண்டு. இன்றைய ஆண்ட்ராய்டு போன்கள், லேப்டாப்புகள், ஐபோன் ஹெட்செட்டுகள் சி.டி.ஐ.ஏ. வழியில் போகின்றன. பழைய நோக்கியா காலத்து ஹெட்செட்டுகளிலும், சீனாவிலிருந்து வரும் சில மலிவு ஹெட்செட்டுகளிலும் மற்றது இருக்கும். இரண்டும் மோதினால் ஒரு தனி அடையாளம் தெரியும்: பாட்டில் வாத்தியங்கள் கேட்கும், பாடுகிறவர் குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கிவிடும். காதுகளுக்குக் கிரவுண்டு சரியாகக் கிடைக்காததால் இடது வலது இரண்டுக்கும் உள்ள வேறுபாடு மட்டுமே ஒலிக்கிறது. நடுவில் பதிவான குரல் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு போய்விடுகிறது. வயரில் இருக்கும், போன் அழைப்பை எடுக்கும் கால் (call) பட்டனை அழுத்திப் பிடியுங்கள். அழுத்தியிருக்கும்வரை குரல் திரும்பி வந்தால் இதுதான் நோய் என்று உறுதி செய்துகொள்ளலாம், ஏனென்றால் அந்தப் பட்டன் மைக்கையும் கிரவுண்டையும் சேர்த்துவிடுகிறது. மருந்து, சி.டி.ஐ.ஏ. ஓ.எம்.டி.பி. மாற்றி என்று விற்கும் ஒரு குட்டி அடாப்டர்.

மல்டிமீட்டர் இருப்பவர்கள் மலையிலேயே இதைச் சோதித்துவிடலாம். மீட்டரை 200 ஓம் நிலையில் வையுங்கள். ஒரு முனையைப் பின்னின் நுனியில், இன்னொன்றை இரண்டாம் வளையத்தில் வைத்தால் 16க்கும் 32க்கும் பக்கத்தில் ஒரு எண் வந்து, காதில் மெல்லிய ‘கிளிக்’ கேட்டால் அது சி.டி.ஐ.ஏ. அந்த எண் இரண்டாம் வளையத்தில் வராமல் அடிப்பகுதியில் வந்தால் ஓ.எம்.டி.பி. நுனிக்கும் முதல் வளையத்துக்கும் நடுவே இரண்டு காதும் தொடராக வருவதால் அதைப்போல் இருமடங்கு காட்டும். மைக்குக்கும் கிரவுண்டுக்கும் நடுவே சில நூறு ஓமிலிருந்து சில ஆயிரம் ஓம் வரை வரலாம். அதற்கு மீட்டரை மேல்நிலைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். எந்த நிலையிலும் எதுவுமே காட்டவில்லை என்றால் மைக் வயர் அறுந்திருக்கிறது.

இந்த மைக்குக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. ஹெட்செட்டில் இருப்பது பெரும்பாலும் எலக்ட்ரெட் மைக். 1962-ல் பெல் ஆய்வகத்தில் கெர்ஹார்ட் செஸ்லரும் ஜேம்ஸ் வெஸ்டும் உருவாக்கிய வகை. மிளகளவு கூட்டுக்குள் நிரந்தர மின்னூட்டம் ஏற்றிய படலமும், அதன் மிக நுண்ணிய குறிகையை (சிக்னலை) பெருக்க ஒரு டிரான்சிஸ்டரும் இருக்கும். அந்த டிரான்சிஸ்டருக்கு 2 வோல்ட் அளவில் மின்னழுத்தம் வேண்டும், அதைக் கம்ப்யூட்டரின் மைக் துளைதான் தருகிறது. வெளிர்நீலத் துளையில் அது கிடையாது. அங்கே மாட்டினால் மைக் ஊமை. பழைய சவுண்ட் கார்டுகள் குறிகையை நுனியில் வாங்கிக்கொண்டு மின்னழுத்தத்தை நடு வளையத்தில் மட்டும் தரும். போன் ஹெட்செட்டின் மைக்குக்கோ இரண்டும் ஒரே வயரில்தான். ஆகவே பழைய கம்ப்யூட்டருக்கான நல்ல ஒய் வயரில், இளஞ்சிவப்புப் பின்னின் நுனியும் நடு வளையமும் உள்ளே சேர்த்திருக்க வேண்டும். மல்டிமீட்டரின் பீப் ஒலியில் இரண்டையும் தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இதே காரணத்தால்தான் மைக் செட்காரர்களின் மேடை மைக் கம்ப்யூட்டரில் சரிவராது. ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்குக் கட்டும் மேடைகளில் கையில் பிடித்துப் பேசுகிற மைக் பொதுவாக டைனமிக் வகை. அதற்கு மின்னழுத்தம் தேவையில்லை, ஆனால் அது தரும் குறிகை எலக்ட்ரெட்டைவிட மிகவும் சிறியது. மேடை மைக்கின் தடித்த பி-38 பின்னை ஈ.பி. பின்னாக மாற்றும் அடாப்டரைப் போட்டு மாட்டினால் சத்தம் முணுமுணுப்பாகவும் இரைச்சல் பெரிதாகவும் வரும். அப்படிப்பட்ட மைக்குக்குக் குறிகையைப் பெருக்கிக் கம்ப்யூட்டருக்குத் தரும் ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று வேண்டும். அந்த அடாப்டருக்குக் காசு கொடுக்காதீர்கள்.

டெஸ்க்டாப்பில் எல்லாம் சரியாக மாட்டியும் முன்பக்கத் துளையில் மட்டும் மைக் வரவில்லையா? பின்பக்கத் துளையில் மாட்டிப் பாருங்கள். அங்கே வந்தால் பெட்டிக்குள் முன்பக்க ஆடியோ வயர் மதர்போர்டில் செருகப்படாமல் இருக்கலாம். அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர்களில் இது சாதாரணம். மதர்போர்டின் ஓரத்தில் ஒரு பின் மட்டும் இல்லாத, பத்துப் பின்களுக்கான இடமுள்ள சின்ன இணைப்பு இருக்கும். எச்.டி. ஆடியோ என்று எழுதிய வயரை அதில் செருக வேண்டும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுத்தான் பெட்டியைத் திறக்க வேண்டும்.

துளைகளோடு மல்லுக்கட்ட வேண்டாம் என்று நினைப்பவர்களுக்கு யு.எஸ்.பி. சவுண்ட் கார்டு இருக்கிறது. கட்டைவிரல் அளவுதான், பெரும்பாலும் சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். டெஸ்க்டாப் முன்பக்கத் துளையில் ஹார்ட் டிஸ்க் ஓடும் கிரீச் சத்தம் கலந்து வருகிறவர்களுக்கு என்னுடைய முதல் பரிந்துரை இதுதான். வாங்கும்போது துளையைப் பாருங்கள். இரண்டு துளை இருந்தால் கம்ப்யூட்டர் ஹெட்செட் நேரே போகும், போன் ஹெட்செட்டுக்கு ஒய் வயர் வேண்டும். நான்கு பகுதி ஒற்றைத் துளை வகை கிடைத்தால் போன் ஹெட்செட் நேரே போகும்.

டைப்-சி துளை மட்டும் உள்ள மெல்லிய லேப்டாப்புகளில் இன்னொரு கண்ணி இருக்கிறது. டைப்-சியிலிருந்து 3.5 மில்லிமீட்டருக்கு மாற்றும் அடாப்டர்கள் இரண்டு வகை. ஒன்றில் உள்ளே வெறும் வயர் மட்டும். சில போன்கள் அந்தத் துளை வழியே ஒலியை அப்படியே அனலாகாக அனுப்பும், அவற்றுக்கானது அது. லேப்டாப்புகள் பொதுவாக அப்படி அனுப்புவதில்லை. இன்னொரு வகையில் டி.ஏ.சி. என்ற சிப் இருக்கும், அதுவே ஒரு சவுண்ட் கார்டு. லேப்டாப்புக்கு இந்த இரண்டாவது வகை வேண்டும். உறையில் டி.ஏ.சி. என்று எழுதியிருக்கிறதா, மைக் வேலை செய்யும் என்று போட்டிருக்கிறதா என்று இரண்டையும் பாருங்கள். ப்ளூடூத் ஹெட்செட்டில் வயர் தொல்லை இல்லைதான். ஆனால் மைக்கைத் திறந்த மறுகணம் அது பெரும்பாலும் தொலைபேசித் தரத்துக்கு இறங்கிவிடும், காதில் கேட்கும் ஒலியும் சேர்ந்தே இறங்கும். நாள் முழுக்கப் பாடம் நடத்துகிறவர்களுக்கு வயர்தான் நல்லது.

மாட்டியாயிற்று. லேப்டாப் திரையில் ‘எந்தச் சாதனத்தை மாட்டினீர்கள்’ என்று ஒரு பெட்டி வந்தால் ஹெட்செட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். அவசரத்தில் ஹெட்போன் என்று அழுத்திவிட்டால் லேப்டாப்பின் உள்மைக்கே தொடரும். விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட், இன்புட் என்று போய் எந்த மைக் தேர்வாகியிருக்கிறது என்று பாருங்கள். பிரைவசி பகுதியில் மைக்ரோஃபோனுக்கு அனுமதி இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். உபுண்டுவில் பாவுகண்ட்ரோல் என்ற ஒலி அமைப்புச் செயலியைத் திறந்து இன்புட் பக்கத்தில் ஹெட்செட் மைக்ரோஃபோன் என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். சோதனையை மீட்டிங் செயலியில் செய்யாதீர்கள், சவுண்ட் ரெக்கார்டரில் செய்யுங்கள். பதிவு ஓடும்போது ஹெட்செட் மைக்கின் மேல் நகத்தால் மெல்லச் சுரண்டுங்கள். கரகரவென்று பெரிதாகப் பதிவானால் அந்த மைக்தான் பேசுகிறது. மேசையைத் தட்டினால் பெரிதாகவும் மைக்கைச் சுரண்டினால் லேசாகவும் கேட்டால் லேப்டாப்பின் உள்மைக் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது.

சத்தம் குறைவு என்றால் மைக் பூஸ்ட்டை 10 டெசிபலுக்கோ 20 டெசிபலுக்கோ ஏற்றுங்கள். 30 வரை போனால் உஸ்ஸென்ற இரைச்சலும் கூடவே ஏறும். மைக் வாய்க்கு நேரெதிரே வேண்டாம், உதட்டோரத்திலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி இருந்தால் மூச்சு மைக்கில் மோதாது. எதிரில் இருப்பவர் ‘என் குரலே எனக்குத் திரும்பி வருது’ என்று சொன்னால் இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, ஒலி காதுமூடியிலிருந்து மைக்குக்குக் கசிவது. மற்றது, காதுக்கும் மைக்குக்கும் பொதுவான அந்தக் கிரவுண்டு வயர் மெலிதாகவும் நீளமாகவும் இருப்பது. காதுக்குப் போகும் ஒலியின் ஒரு சிறு பங்கு அதன் வழியே மைக்கில் ஏறிவிடும். காதின் ஒலியளவைக் குறைத்து, நடுவிலிருக்கும் நீட்டிப்பு வயரைக் கழற்றிவிட்டாலே பெரும்பாலும் அடங்கும்.

ம்ம்ம் என்ற 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் கேட்கிறதா? லேப்டாப் சார்ஜரைப் பிடுங்குங்கள். பேட்டரியில் ஓடும்போது நின்றுவிட்டால் கோளாறு ஹெட்செட்டில் இல்லை, எர்த்தில். மூன்று பின் பிளக்கை இரண்டு பின்னாக்கும் அடாப்டர் போட்டிருந்தால் முதலில் அதை எடுங்கள். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் அடியில் இருப்பது சார்னோக்கைட் என்ற கடினப் பாறை. மண் ஆழமில்லாத இடத்தில் தோண்டிய எர்த் குழி கோடையில் காய்ந்தால் எர்த் பெயரளவுக்குத்தான் இருக்கும். எலக்ட்ரீஷியனை வைத்து அளந்து பார்க்கச் சொல்லுங்கள். இது ரீங்காரத்துக்கு மட்டுமல்ல, உயிருக்கும் சம்பந்தப்பட்டது. கோடை மழையில் இடி இறங்கும் மாலைகளில் சார்ஜர் மாட்டிய லேப்டாப்போடு வயர் ஹெட்செட்டைக் காதில் வைத்திருக்காதீர்கள். சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் பேசுங்கள்.

ஏற்காட்டுப் பனியில் பின்களும் துளைகளும் களிம்பேறும். பின்னைத் திருகும்போது கரகரத்தால் இதுதான். மெல்லிய துணியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுப் பின்னைத் துடையுங்கள், தண்ணீர் வேண்டாம். பின் முழுசாக உள்ளே போகாமல் கடைசி ஒரு மில்லிமீட்டர் நிற்கிறதென்றால் துளைக்குள் பஞ்சு அடைந்திருக்கும். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் மெல்ல எடுங்கள். குண்டூசி வேண்டவே வேண்டாம்.

அறுந்த வயரைப் பற்றவைப்பது வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை. பெரும்பாலும் பின்னை ஒட்டி இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குள்தான் அறுந்திருக்கும். அங்கே வெட்டிவிட்டு நான்கு பகுதி உலோகப் பின் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் இழைகள் நிறம் பூசியவை. அந்த நிறமே காப்பு. சால்டரிங் இரும்பின் நுனியில் கொஞ்சம் ஈயம் ஏற்றி, சுமார் 350 டிகிரி சூட்டில் இழையின் முனையை அதில் முக்கிப் பிடித்தால் பூச்சு எரிந்து ஈயம் பிடிக்கும். சுரண்டினால் இழை அறுந்துவிடும். சிவப்பு வலது, பச்சையோ நீலமோ இடது, செம்பு நிறம் கிரவுண்டு என்பது வழக்கம்; கட்டாயமில்லை என்பதால் மீட்டரால் உறுதி செய்துகொள்ளுங்கள். செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைகளில் வெள்ளி பற்றவைக்கும் வெண்காரம் இதற்கு ஆகாது, ரோசின் ஃப்ளக்ஸ் மட்டும்தான். சூட்டில் பின்னின் காப்பு வளையங்கள் இளகி வளையாமல் இருக்க, பின்னைப் பழைய ஃபீமேல் துளை ஒன்றில் செருகிவைத்துக்கொண்டு பற்றவையுங்கள். பின்னின் மூடியையும் சுருங்கும் குழாயையும் முதலிலேயே வயரில் கோத்துவிட வேண்டும். நான்கு புள்ளியும் பிடித்தபின் ஒரு நிமிடம் பேசிப் பதிவுசெய்து, வயரை ஆட்டி ஆட்டிக் கேட்டுப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு குழாயைச் சூடாக்கி மூடியைத் திருகுங்கள்.